யூதர் நடனத்துக்கு நிகழ்ச்சி நிரலில் என்ன பெயர் எழுதுவது?

ஏற்காட்டிலும் சேலத்திலும் பள்ளி ஆண்டு விழாக்களுக்கு நடனம் சொல்லித் தருகிறேன். உலக நாட்டுப்புற நடனங்கள் என்று எந்தப் பள்ளி நிகழ்ச்சி வைத்தாலும், கைகோத்து வட்டமாக ஆடும் யூதர் நடனம் ஒன்று இடம்பெற்றுவிடுகிறது. அழைப்பிதழில் 'யூத நடனம்' என்று மொட்டையாக அச்சாகி வரும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. ஒயிலாட்டத்தையும் தேவராட்டத்தையும் யாராவது 'தமிழ் நடனம்' என்று எழுதி முடித்தால் நாம் சும்மா இருப்போமா?

பெயர் வைக்குமுன் ஆடுபவர்களின் காலைப் பாருங்கள். வட்டம் இடப்பக்கம் நகர்கிறது. இடக்கால் பக்கவாட்டில், வலக்கால் அதன் பின்னே குறுக்காக, மீண்டும் இடக்கால், வலக்காலை உயர்த்தி ஓர் உதை, வலக்காலை ஊன்றி இடக்காலால் ஓர் உதை. இப்படி வந்தால் அது ஹோரா. ருமேனியா, பால்கன் பகுதி வட்ட நடனங்களிலிருந்து பாலஸ்தீனத்தில் குடியேறிய யூத இளைஞர்கள் கொண்டுவந்தது. 1924இல் நடனக் கலைஞர் பரூக் அகதாத்தி அதை மேடைக்கென வடிவமைத்தார். எனவே 'ஹோரா – இஸ்ரேலிய நாட்டுப்புற நடனம்' என்று எழுதுங்கள். 'ஹவா நகிலா' என்பது பாட்டின் பெயர். அதை நடனத்தின் பெயராகப் போட வேண்டாம்.

பிள்ளைகள் விரும்பி ஆடுவது மாயிம். எபிரேய மொழியில் 'தண்ணீர்' என்று பொருள். வலக்கால் இடக்காலின் முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை குறுக்கிட, வட்டம் அலைபோல் நகரும். பிறகு எல்லோரும் 'மாயிம், மாயிம்' என்று பாடியபடி கைகளை உயர்த்தி நடுவுக்கு ஓடிப் பின்வாங்குவார்கள். நஆன் என்ற கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில் தண்ணீர் கிடைத்ததைக் கொண்டாட, 1937இல் எல்சே டுப்லான் அமைத்தது இது. பாட்டின் வரி பைபிளில் ஏசாயா 12:3. தண்ணீர் கிடைத்த சந்தோஷத்தில் ஆடியது என்று சொன்னால் சேலத்துப் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. ஓட்டத்தில் வேகம் தானாக வந்துவிடும். ஆனால் இதைப் 'பழங்கால நடனம்' என்று எழுதுவது தவறு. ஆண்டையும் அமைத்தவர் பெயரையும் கொடுங்கள்.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் திருமண ஆட்டம் என்றால் பெயர் வேறு. வட்டமாக ஆடினால் ஃப்ரைலக்ஸ், நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று இடம் மாறினால் ஷேர். கிளெஸ்மர் அவற்றுக்கு வாசிக்கும் இசை. ஏமன் யூதர்களின் ஆட்டம் முழங்காலைத் தளர்த்திய மென்மையான அசைவு கொண்டது. அதை 'ஏமன் யூதர் நடனம்' என்றே குறிப்பிடலாம். சாரா லெவி தனாய் 1949இல் தொடங்கிய இன்பால் குழுதான் அதை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனது.

யூதர்களில் மிகுந்த பக்தியுள்ள ஒரு பிரிவினரான ஹசிதியரின் திருமணத்தில் மணமகளும் உறவினரும் ஒரு துணியின் இரு முனைகளைப் பிடித்து ஆடும் மிட்ஸ்வா டான்ட்ஸை மட்டும் பள்ளி மேடைக்குக் கொண்டுவராதீர்கள். அது சடங்கு. வாடகைக் கடையில் கிடைக்கிறது என்பதற்காக மாயிம் ஆடும் பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டுவதும் வேண்டாம். வெள்ளைச் சட்டை போதும்.

எந்த வகை என்று பிடிபடவில்லையென்றால், பாடல் வந்த நாட்டைச் சேர்த்து 'வட்ட நடனம்' என்று எழுதினால் போதும். 'பாரம்பரிய' என்ற அடைமொழி வேண்டாம். முடிவான பெயரைத் தாளில் எழுதி அச்சகத்துக்கும், பேனர் கடைக்கும், மேடையில் அறிவிக்கப்போகும் மாணவிக்கும் ஒரே எழுத்துகளில் கொடுங்கள். அவளை ஒத்திகையிலேயே இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.