பாலைவன ஒளிப்பட முகாமுக்கு மாணவர்களுடன் செல்லும் தன்னார்வலருக்கு

சேலத்திலிருந்து ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்கு மாணவர்களை இயற்கை ஒளிப்பட முகாமுக்கு அழைத்துச் செல்லும் குழுக்களில் தன்னார்வலராகச் சேர விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கேமரா, எந்த லென்ஸ் எடுத்து வர வேண்டும் என்பதைத்தான். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்பதே என் பதில். படம் எடுக்கும் பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் ஒரு சிறு சட்டத்துக்குள் மட்டும் பார்க்கிறது. காலடியில் என்ன கிடக்கிறது, பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது, கூட வந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அதற்குத் தெரியாது. அதன் கண்ணுக்குத் தப்புகிற அத்தனையையும் பார்த்துக்கொண்டிருப்பதற்காகத்தான் நாம் போகிறோம். மாணவர் கிழக்கே சூரியனைப் பார்த்து நின்றால் நாம் மேற்கே பார்த்து நிற்க வேண்டும். நம் கையிலும் ஒரு கேமரா இருந்தால் அரை மணி நேரத்துக்குள் நாமும் கிழக்கே திரும்பிவிடுவோம்.

ஏற்காட்டில் ஓர் இரவு ஒத்திகை

பாலைவனத்துக்குப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாவது சேர்வராயன் மலையில் ஓர் இரவு தங்கிப் பழகுவது நல்லது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டின் மார்கழிக் குளிர், சேலத்து வெயிலிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குப் புதிது. எந்த ஸ்லீப்பிங் பேக் போதாது, யாருக்குக் கம்பளித் தொப்பி இல்லை, யார் இரவில் எழுந்து நடப்பவர் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிக் கூடாரம் போடக் கூடாது. பள்ளி மைதானத்திலோ, உரிமையாளரின் ஒப்புதலோடு ஒரு காப்பித் தோட்டத்துக் களத்திலோ போடலாம். காப்பித் தோட்டங்களில் காட்டெருமைகள் சர்வ சாதாரணமாக நடமாடுவதால், மாலை மங்கிய பிறகு எவரையும் செடிகளுக்கிடையே போக விடக் கூடாது. காலையில் பகோடா பாயின்ட் போன்ற பாறை விளிம்புள்ள இடத்துக்குப் போனால், “இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் எல்லோரும் படத்தில் வந்துவிடுவார்கள்” என்று பின்வாக்கில் அடியெடுத்து வைக்கும் மாணவர் ஒருவராவது இருப்பார். அவருக்குப் பின்னால் போய் நிற்பதுதான் தன்னார்வலருக்கு முதல் பாடம்.

ஏற்காட்டு மூடுபனி இன்னொரு வகையிலும் உதவுகிறது. கேமராவில் உள்ள ஒளிமானி, எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு ஒளியை அளக்கிறது. ஆகவே காட்சி முழுவதும் வெளிறிய பனியாக இருந்தால், வெளிச்சம் மிகுதி என்று கருதி அதைக் குறைத்துவிடும். வெண்பனி அழுக்குச் சாம்பலாகவும், சில்வர் ஓக் மரங்கள் கருங்கோடுகளாகவும் படத்தில் வரும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு படி கூட்டினால் பனி பனியாகவே பதிவாகும். கைபேசியில் படம் எடுக்கும் மாணவர், திரையைத் தொட்டதும் தோன்றும் சிறு சூரியக் குறியை மேல்நோக்கி நகர்த்தினாலே போதும். வெயிலில் மின்னும் பாலைவன மணலும் ஒளிமானியை இதே வழியில்தான் ஏமாற்றுகிறது. பனியில் ஒருமுறை இதைச் செய்து பார்த்த பிள்ளைக்கு, மணலில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாணவர்களுக்கு ஒளிப்படப் பாடம் நடத்த நிபுணர் ஒருவர் வருவார் என்றாலும், இந்த ஒரு செய்தியைத் தன்னார்வலர்கள் அனைவரும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இருட்டியதும் லேடீஸ் சீட் பக்கமிருந்து கீழே தெரியும் சேலத்து விளக்குகளை முக்காலி வைத்து எடுக்கச் சொல்லலாம். நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைத்துப் பழகவும், இருட்டில் பொத்தான்களைத் தடவியே கண்டுபிடிக்கவும் அது நல்ல பயிற்சி.

புறப்படுவதற்கு முன்

பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதல், ஒவ்வொரு மாணவரின் ரத்த வகை, ஒவ்வாமை, வழக்கமாக உட்கொள்ளும் மருந்து ஆகியவை அடங்கிய தாளை இரண்டு பிரதிகளாக எடுத்து, இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆறு மாணவருக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. அதற்குக் குறைவான ஆட்களோடு கிளம்பும் குழுவில் சேர வேண்டாம். மாணவியர் இருந்தால் பெண் தன்னார்வலர் இருவராவது கட்டாயம் வேண்டும். பெரியவர் எவரும் எந்தப் பிள்ளையுடனும் கூடாரத்திலோ வண்டியிலோ தனியாக இருக்கக் கூடாது என்ற விதியை முதல் கூட்டத்திலேயே மாணவர்கள் காதுபடச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் யாராவது அதை மீறும்போது பிள்ளைகளுக்கே அது தவறு என்று தெரியும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதையும் அவர்களே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

மாதவிடாய்க் காலத்துக்கான பொருட்களைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி ஒரு பொதுப் பையில் வைத்து, மணலில் புதைக்காமல் திரும்பக் கொண்டுவருவதற்குத் தடித்த உறைகளையும் அதிலேயே வைத்துவிடுங்கள். கூச்சத்தால் தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிடும் மாணவியரை ஒவ்வொரு முகாமிலும் பார்க்கலாம். கழிப்பிடம் எங்கே, எப்படி, யார் துணைக்கு வருவார் என்பதை முகாம் போட்டவுடன் முதல் வேலையாக அறிவித்துவிட்டால் அந்தத் தயக்கம் பெருமளவு குறையும்.

இரண்டு இரவுக்கு மேல் நீளும் ரயில் பயணத்துக்குப் புளிசாதம் தாங்கும். பருப்புப் பொடியும் ஊறுகாயும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் உதவும். அங்கு கிடைக்கும் கம்பு ரொட்டி, கம்மங்கூழ் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எளிதில் பிடித்துவிடும்.

மணலில்

ஜெய்சல்மேரை அடுத்த சாம், குரி மணற்குன்றுகளைத்தான் பெரும்பாலான குழுக்கள் தேர்ந்தெடுக்கின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரையே ஏற்ற காலம். பகலில் அரைக்கைச் சட்டை போதும் என்றிருக்கும்; இரவில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். வறண்ட காற்றில் வியர்வை சுரந்தவுடனே உலர்ந்துவிடுவதால், நனைந்த சட்டையைப் பார்த்து உடம்பின் நீரிழப்பை அறியும் சேலத்துப் பழக்கம் அங்கே செல்லாது. குளிர்காலமாதலால் தாகமும் அதிகம் தெரியாது. எனவே தாகம் எடுத்தால் குடியுங்கள் என்று சொல்லாமல், மணி பார்த்துக் குடிக்க வைக்க வேண்டும். தலைவலி என்று வரும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது, அது அடர்மஞ்சளாக இருந்ததா என்பதுதான். ஓஆர்எஸ் பொட்டலம் தீர்ந்துவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம்.

மலையில் ஒரு பிள்ளை கண்ணுக்கு மறைந்தாலும் பாதை இருக்கிறது, குரல் கேட்கும். மணற்குன்றில் முகட்டைத் தாண்டி இருபதடி போனாலே உருவம் மறைந்துவிடும். காற்று வீசினால் குரலும் கேட்காது, காலடித் தடமும் அழிந்துவிடும். ஆகவே ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில் தொங்க வேண்டும். மூன்று முறை ஊதினால் எல்லோரும் இருந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். இருவர் இருவராகவே நடக்க வேண்டும். தலையை எண்ணுவதற்குப் பதிலாக, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து அவரவர் எண்ணை உரக்கச் சொல்லச் செய்தால், விட்டுப்போன எண் யாருடையது என்று உடனே தெரிந்துவிடும். மணலில் ஆழமான குழியோ சுரங்கமோ தோண்டி விளையாட விடாதீர்கள். அது சரிந்தால் மூச்சுத் திணறி உயிரே போகக்கூடும்.

சுருட்டை விரியன் அங்கே இரவில் நடமாடும் பாம்பு. கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடி வைப்பதும், காலையில் காலணியைக் கவிழ்த்துத் தட்டிய பிறகே அணிவதும், டார்ச் இல்லாமல் ஓரடிகூட வைக்காமலிருப்பதும் பாம்புக்கும் தேளுக்கும் பொதுவான பாதுகாப்பு. பாம்பு கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிச் சென்று, ஜெய்சல்மேர் அரசு மருத்துவமனையில் சேர்ப்பதே செய்ய வேண்டியது. இதற்காக ஒரு வண்டியும் ஓட்டுநரும் இரவு முழுவதும் முகாமிலேயே இருக்க வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

விடியற்காலைதான் முகாமின் மிகச் சிறந்த நேரம். இரவில் நடமாடிய வண்டும் நரியும் பாம்பும் விட்டுச் சென்ற தடங்கள், சூரியன் கிடையாக விழும் அந்தச் சிறு பொழுதில் மட்டும் நிழலோடு துலங்கும். ஒரு வண்டின் தடத்தை மண்டியிட்டுப் பார்த்தால், இருபுறமும் ஊசியால் குத்தியது போன்ற புள்ளி வரிசையும், நடுவே வயிறு இழுபட்ட மெல்லிய கோடும், மணலலையின் சரிவில் அது ஒருமுறை உருண்டு மீண்டும் ஏறிய இடமும் தெரியும். எல்லோரும் முகட்டுக்கு ஓடினால் இவை அனைத்தும் மிதிபட்டுப்போகும். முகாமிலிருந்து முகட்டுக்குக் குன்றின் பின்பக்கமாக ஒரே பாதையை முந்தின மாலையே கயிறு கட்டிக் குறித்துவிட்டு, முன்பக்கச் சரிவை எவரும் மிதிக்காமல் காப்பது தன்னார்வலரால் மட்டுமே முடிகிற உதவி. வெளிச்சம் ஏறி நிழல்கள் சுருங்கியபின் கேமராக்களை மூடிவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் போகலாம்.

திறந்த வெளியில் லென்ஸை மாற்ற விடக் கூடாது. மணல் படிந்த கண்ணாடியைத் துணியால் துடைத்தால் கீறல் விழும். காற்றூதும் ரப்பர் குமிழால் ஊதிவிட வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடுவதால், உபரி பேட்டரிகளை இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நட்சத்திரப் படங்களுக்கு அமாவாசையை ஒட்டிய நாட்கள் ஏற்றவை. 500ஐ லென்ஸின் மேல் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் குவியத் தூரத்தால் வகுத்துக் கிடைக்கும் வினாடிகளுக்குள், அதாவது முழுச்சட்டக் (ஃபுல் பிரேம்) கேமராவில் 20 மி.மீ. லென்ஸுக்கு 25 வினாடிக்குள் ஷட்டரை மூடிவிட்டால், நட்சத்திரங்கள் கோடாக இழுபடாமல் பெரும்பாலும் புள்ளியாகவே பதியும். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டால் வழியும் தெரியும், இருட்டுக்குப் பழகிய கண்ணும் கூசாது.

உயிர்களும் மனிதர்களும்

ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் பாலைவனத் தேசியப் பூங்கா, அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில் என்னும் பெரிய பறவையின் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று. அனுமதிச் சீட்டோடும் வழிகாட்டியோடும் மட்டுமே உள்ளே போக வேண்டும். தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் பறவை அது. நெருங்கிப் போய் அதைக் கிளப்பிவிடுவதற்கு எந்தப் படமும் ஈடாகாது. தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தாலும், சுற்றிலும் இருக்கும் புல்வெளியோடு சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பறவைக்கு எவ்வளவு வெட்டவெளி தேவை என்பதை அந்தப் படமே சொல்லும்.

அங்கே கேஜ்ரி என்று அழைக்கப்படும் மரம், நம் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னிதான் என்பதை மாணவர்களிடம் சொல்ல மறக்காதீர்கள். அந்த மரங்களை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்து நின்று 1730ஆம் ஆண்டு ஜோத்பூர் அருகே கேஜட்லி கிராமத்தில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டில் வரும் கேர் சாங்ரிக் கறியில் சாங்ரி என்பது அந்த மரத்தின் காய். இதைக் கேட்ட பிறகு பிள்ளைகள் வன்னி மரத்தை எடுக்கும் படங்களில் ஒரு நிதானம் வந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

கிராமத்துப் பெண்களைக் கேட்காமல் படமெடுக்கக் கூடாது. முக்காடு இழுத்து முகம் மறைப்பவர் வேண்டாம் என்கிறார் என்று பொருள் கொண்டு கேமராவை இறக்கிவிட வேண்டும். மழைநீர் சேமிக்கும் தொட்டிகளில் கை கால் கழுவக் கூடாது. அது அந்த வீட்டின் குடிநீர். எல்லைக்கு அருகிலுள்ள மாவட்டம் என்பதால் படைவீரர்கள், அவர்களது வாகனங்கள், காவல் சாவடிகள் எதையும் படமெடுக்கக் கூடாது. ட்ரோனைச் சேலத்திலேயே விட்டுவிட வேண்டும்.

திரும்பிய பின்

ஊர் வந்து சேர்ந்த ஒரு வாரத்துக்குள் மாணவர்களோடு உட்கார்ந்து படங்களைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் எங்கும் பகிரக் கூடாது. கானமயில் படங்களில் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் குறிப்பை நீக்கிவிட வேண்டும். கூடாரங்களை உதறி ஒரு நாள் முழுவதும் வெயிலில் காய வைத்து, ஜிப்புகளில் சிக்கிய மணலைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்து, எது கிழிந்தது, எது குறைந்தது என்று எழுதி, அந்தத் தாளை அடுத்த ஆண்டுப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.