பிரசவத்தின்போது குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டால்: பெற்றோர் திரட்ட வேண்டியவை

பிறந்தவுடன் அழாத குழந்தைக்குச் சில மணி நேரத்தில் வலிப்பும் வந்துவிட்டால், வழக்கைப் பற்றி அப்போது யோசிக்க வேண்டியதில்லை. நிறைமாதக் குழந்தையின் உடல் வெப்பத்தை 33 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை குறைத்து 72 மணி நேரம் வைத்திருக்கும் குளிர்விப்புச் சிகிச்சையைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால், அந்த வசதி எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

அடுத்தது ஆவணம். டிஸ்சார்ஜ் தாள் மட்டும் போதாது. கேஸ் ஷீட், பிரசவ முன்னேற்றத்தைக் காட்டும் பார்ட்டோகிராஃப், கருவின் இதயத்துடிப்பையும் பிரசவ வலியையும் காட்டும் சி.டி.ஜி. பதிவு, செவிலியர் குறிப்புகள், தீவிர சிகிச்சைப் பிரிவின் குறிப்புகள் ஆகியவற்றின் நகலை எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும்.

அந்தத் தாள்களில் நோயின் பெயரைவிட நேரத்தையே தேடுங்கள். கருவின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு. தாய் முக்கும் கட்டத்தில் அதை 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். துடிப்பு எப்போது குறைந்தது, மருத்துவருக்கு எப்போது சொன்னார்கள், அவர் எப்போது வந்தார், வலி வருவதற்கான ஆக்சிடோசின் சொட்டு மருந்தை நிறுத்தினார்களா, குழந்தையை எப்போது வெளியே எடுத்தார்கள் என்பதே வழக்கின் உயிர். உடனிருந்தவர்களும் தத்தம் நினைவில் உள்ளதை அப்போதே தனித்தனியே எழுதி வைக்கட்டும். கைபேசி அழைப்புப் பட்டியல் பல வேளைகளில் நினைவைவிட நம்பகமானது.

மூளை பாதிப்பால் உடலசைவு குன்றும் பெருமூளை வாதம் எல்லாமே பிரசவத் தவறால் வருவதில்லை. கருப்பையில் ஏற்படும் தொற்று, குறைமாதப் பிறப்பு, மரபணுக் கோளாறு எனக் காரணங்கள் பல. ஆகவே எம்.ஆர்.ஐ., பிறந்த குழந்தையின் நிலையை மதிப்பிடும் 5-ஆம் நிமிட அப்கார் மதிப்பெண், தொப்புள்கொடி ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைத் தொடர்பில்லாத ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டே நோட்டீஸ் அனுப்புங்கள். விளைவு மோசமானது என்பதாலேயே அலட்சியம் நிரூபணமாகிவிடாது. குற்ற வழக்குக்கோ மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் கூறியிருப்பதால், முதலில் காவல் நிலையத்துக்கு ஓடுவது பெரும்பாலும் வீண் அலைச்சல்.

கட்டணம் செலுத்திய மருத்துவமனை என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். பெற்றோரோடு குழந்தையும் நுகர்வோரே என்று 1998-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. எல்லோருக்கும் இலவசச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே உரிமையியல் வழக்கோ உயர் நீதிமன்ற ரிட் மனுவோதான் வழி. மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்தால் மருத்துவரின் பதிவு மீது நடவடிக்கை வரலாம், இழப்பீடு வராது.

இயன்முறைச் சிகிச்சை, பயணம், தாய் வேலையை விட்டதால் இழந்த ஊதியம் ஆகியவற்றுக்கான ரசீதுகளையும் சான்றுகளையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க, வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.