அலாய் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்டெப்னியை அளந்துடுங்க

எஸ்யூவிக்கு புது அலாய் போடணும், டயரும் ஒரு சைஸ் பெருசாக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா நேரா கடைக்குப் போகாதீங்க, முதல்ல ஒரு பழைய சாக்கை விரிச்சு வண்டிக்கு அடில படுத்து ஸ்டெப்னி தொங்குற இடத்தை டேப் வச்சு அளங்க. எல்லாரும் நாலு வீலைப் பத்தியேதான் யோசிப்போம், அஞ்சாவது ஞாபகத்துக்கே வராது. நானும் அப்படித்தான் நாலு அலாய் மட்டும் மாட்டிட்டு ஸ்டெப்னி பழசே இருக்கட்டும்னு விட்டேன். ஒரு நாள் ராத்திரி, மழை வேற, பின் டயர் பஞ்சர், பழைய இரும்பு ரிம்மை எடுத்து வச்சு நட்டைப் போட்டா உட்காரவே மாட்டேங்குது, ஏன்னா புது அலாய்க்குக் குடுத்தது நீளமா கழுத்து வச்ச வாஷர் நட்டு, இரும்பு ரிம்முக்கு வேண்டியது முனை கூம்பு மாதிரி சரிவா இருக்கற கோன் நட்டு. அந்தக் கோன் நட்டெல்லாம் வீட்டு அலமாரில ஒரு பிஸ்கட் டப்பால பத்திரமா இருந்துச்சு.

அதனால என் பேச்சைக் கேட்டா, வாங்குனா அஞ்சா வாங்குங்க, அஞ்சாவதுக்கு இடம் இருக்கான்னு பாத்துட்டுதான் சைஸையே முடிவு பண்ணுங்க.

டயர் கணக்கு ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. 265/65 ஆர்17னு போட்டிருந்தா 265 மில்லிமீட்டர் அகலம், அதுல 65 சதவீதம் பக்கச் சுவர், ரிம் 17 இன்ச். 265ஐ 0.65ஆல பெருக்கி, மேலயும் கீழயும் சுவர் இருக்கறதால ரெண்டால பெருக்கி, 17 இன்ச்சை மில்லிமீட்டராக்கி (431.8) கூட்டுனா விட்டம் 776 வரும். இதையே 265/70 ஆர்17 ஆக்குனா 803. அதாவது 3.4 சதவீதம் பெருசு, மீட்டர்ல 100 காட்டுறப்போ வண்டி நிஜமா 103க்கு மேல போயிட்டிருக்கும், ஓடுன கிலோமீட்டரையும் மீட்டர் கம்மியா காட்டும். தரைக்கும் வண்டிக்கும் நடுவுல கிடைக்குற இடைவெளி விட்டத்துல பாதிதான் கூடும், இங்க 13 மில்லிமீட்டர். இவ்வளவுதானான்னு கேப்பீங்க, ஆமா இவ்வளவுதான். 3 சதவீதத்தைத் தாண்டிப் போனா மட்கார்ட்ல உரசுறது, பிக்கப் மந்தமாகுறது, பிரேக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறதுன்னு ஒவ்வொண்ணா வரும்.

இப்போ ஸ்டெப்னி இருக்கற இடம். வண்டிக்கு அடில தொங்குற டைப்னா ஸ்டெப்னிக்கு முன்னாடி இருக்கற பின் ஆக்ஸில்ல (ரெண்டு பின் வீலையும் இணைக்குற அச்சு) இருந்து பின் பம்பர் வரைக்கும் எவ்வளவு இடம், சைலன்ஸர் பைப் எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாருங்க, சூடான பைப் பக்கத்துல ரப்பர் தொங்கக்கூடாது. சும்மா நிக்கறப்போ இடம் இருக்குன்னு நம்பிடாதீங்க, பள்ளத்துல விழுந்தா ஆக்ஸில் மேல ஏறும், அப்போவும் டயர்ல படக்கூடாது. அகலமும் முக்கியம், தடிமனான டயர்னா கீழ இறங்கித் தொங்கும். சில பேர் காத்தைக் கொஞ்சம் இறக்கிட்டு அமுக்கி ஏத்திடுவாங்க, அது பரவால்ல, ஆனா அப்போ வண்டிக்குள்ள எப்பவும் ஒரு காத்து பம்ப் இருக்கணும். இன்னொண்ணு, சங்கிலியோ கேபிளோ தூக்கிப் பிடிக்குற அந்த சின்ன தகடு புது அலாயோட நடு ஓட்டைல சரியா உட்காருதான்னு கடைலயே வச்சுப் பாத்துடுங்க. ஓட்டை பெருசா இருந்தா தகடு வழுக்கிட்டு வரும், சின்னதா இருந்தா உள்ளயே போகாது.

டிக்கி கதவுல மாட்டுற டைப்னா பிரச்சனை வேற, எடை. பழைய ஸ்டெப்னியையும் புதுசையும் வீட்டு எடை மெஷின்ல ஏத்திப் பாருங்க, எட்டு பத்து கிலோ கூடுச்சுன்னா அந்த மொத்த எடையும் ரெண்டு கீல்ல தொங்கி ஒவ்வொரு குழிலயும் குதிக்கும், கொஞ்ச நாள்ல கதவு இறங்கி லாக்ல இடிக்க ஆரம்பிக்கும். அலாயோட ஆஃப்செட் (ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து அது வண்டில உட்காருற முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்குங்கற அளவு) மாறியிருந்தா பின்னாடி இருக்கற ரப்பர் புஷ்ல டயர் அழுத்தாம நிக்கும், அப்புறம் போற வழியெல்லாம் கடகடன்னு சத்தம்தான். பெரிய டயர் கேமராவையோ மூணாவது பிரேக் லைட்டையோ மறைக்குதான்னும் பாத்துக்கோங்க.

இடமே இல்ல, பழைய சைஸ் ஸ்டெப்னிதான் வைக்க முடியும்னா அதுவும் ஒரு வழிதான், ஆனா ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரங்க இங்க கொஞ்சம் நிதானமா படிங்க. நாலு வீலும் எப்பவும் சேர்ந்து ஓடுற வண்டில ஒரு வீல் மட்டும் சின்னதா இருந்தா அது வேகமா சுத்தும், டிஃபரன்ஷியலும் (ரெண்டு பக்க வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் செட்) முன் பின் அச்சை இணைக்குற நடு கப்ளிங்கும் ஓயாம அந்த வித்தியாசத்தை சமாளிச்சு சூடாகும், அதனால மெதுவா பக்கத்துல இருக்கற கடை வரைக்கும் மட்டும் போங்க. தேவைப்பட்டா மட்டும் ஃபோர் வீல் போடுற வண்டினா டூ வீல் டிரைவ்லயே ஓட்டுங்க. பின்னாடி லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு வீல் மட்டும் தனியா வழுக்கிச் சுத்தாம தடுக்குற டைப்) இருந்து பின் டயரே பஞ்சர் ஆச்சுன்னா முன் வீல் ஒண்ணைக் கழட்டிப் பின்னாடி போட்டுட்டு சின்ன ஸ்டெப்னியை முன்னாடி போடணும், ஜாக்கி வேலை ரெண்டு தடவைதான், ஆனா பின் டிஃபரன்ஷியல் பிழைக்கும்.

அலாய் செலக்ட் பண்றப்போ டிசைனை கடைசியா பாருங்க. முதல்ல போல்ட் வட்டம், அதாவது நட்டு ஓட்டை எத்தனை, அதெல்லாம் இருக்கற வட்டத்தோட விட்டம் எத்தனை மில்லிமீட்டர்ங்கறது. 5 ஓட்டை 114.3ம் 5 ஓட்டை 115ம் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், இறுக்குனா ஏறிக்கூட உட்காரும், ஆனா நட்டு ஏறுற ஸ்டட் கோணலா இழுபடும், அதை மட்டும் பண்ணாதீங்க. அடுத்து நடு ஓட்டை, வண்டில வீல் உட்காருற ஹப்போட நடு மேட்டை விட பெருசா இருந்தா சரியான அளவு ரிங் போட்டு நடுவுல நிறுத்தணும், இல்லன்னா ஸ்டியரிங் ஆடும். அப்புறம் ஆஃப்செட். பழசு 7.5 இன்ச் அகலம் 30 ஆஃப்செட், புதுசு 8.5 இன்ச் 20 ஆஃப்செட்னு வைங்க, ஒரு இன்ச் கூடுனதுல ஒவ்வொரு பக்கமும் 12.7 மில்லிமீட்டர், ஆஃப்செட் குறைஞ்சதுல வெளில இன்னொரு 10, ஆக ரிம் 22.7 மில்லிமீட்டர் வெளிய தள்ளி நிக்கும், உள்ள 2.7 மட்டும்தான் கூடும். வெளிய தள்ளத் தள்ள பேரிங்குக்கு பாரம், சேறெல்லாம் கதவு மேல. ரிம்மோட லோடு ரேட்டிங் அந்த ஆக்ஸிலுக்கு அனுமதிச்ச எடைல பாதிக்குக் குறையக்கூடாது, டயர்ல லோடு நம்பர் 112னு இருந்தா ஒரு டயருக்கு 1120 கிலோ, பழசுல இருந்த நம்பரை விட கம்மியா வாங்காதீங்க.

டயர் ஏத்துறதுக்கு முன்னாடி வெறும் ரிம்மை முன் ஹப்ல மாட்டி கையால சுத்திப் பாருங்க, பிரேக் காலிப்பர்ல படக்கூடாது, பேலன்ஸ் வெயிட் ஒட்டுற இடத்துக்கும் கொஞ்சம் விடுங்க. டயர் ஏத்துன ரிம்மைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்க மாட்டார், அதான். ஹப்ல துரு இருந்தா கம்பி பிரஷ்ஷால தேச்சு எடுங்க. நட்டை முதல்ல கையாலதான் சுத்தணும், எம்12 1.5 ஸ்டட்டுக்கு (12 மில்லிமீட்டர் தடிமன், மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர்) குறைஞ்சது 8 சுத்து உள்ள போகணும், ரெண்டு மூணு சுத்துலயே நின்னுச்சுன்னா அது அந்த ரிம்முக்கான நட்டு இல்ல. ஒண்ணு விட்டு ஒண்ணா நட்சத்திர மாதிரி இறுக்கி, டயர் தரைல படுற வரைக்கும் ஜாக்கியை இறக்கிட்டு, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளந்து காட்டுற ஸ்பானர்) வச்சு வண்டி புக்ல சொன்ன அளவுக்கு முடிங்க. ஏர் கன்ல டர்ர்ர்னு விட்டுட்டு முடிஞ்சுதுண்ணேன்னு சொல்ற பையனை நம்பாதீங்க, ரோட்ல பஞ்சர் ஆகறப்போ அந்த நட்டைக் கழட்டப் போறது நீங்கதான். ஸ்டட்ல எண்ணெய் தடவாதீங்க, வழுக்கி அளவுக்கு மேல இறுகிடும். 80, 100 கிலோமீட்டர் ஓடுனதும் திரும்ப ஒரு தடவை செக் பண்ணுங்க, புது அலாய் கொஞ்சம் உட்கார்ந்து நட்டு தளர்ந்திருக்கலாம்.

உரசுதான்னு பாக்க ஒரு சின்ன வழி. டயரோட தோள் பக்கம் சுத்தி சாக்பீஸ் பூசிட்டு ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு முன்னாடியும் ரிவர்ஸ்லயும் மெதுவா ஓட்டுங்க, அப்புறம் ஒரு முன் வீலை மட்டும் ஒரு மேட்டுல ஏத்தி திரும்பவும் ஒடிங்க. மட்கார்ட் உள்பக்கம் வெள்ளையா கோடு விழுந்தா அங்கதான் இடிக்குது. ரிவர்ஸ்ல மட்டும் உரசுறது நிறைய வண்டில இருக்கு, அதைத்தான் நிறைய பேர் பாக்காம விட்டுடுவாங்க.

எல்லாம் முடிஞ்சதும் வீட்டு வாசல்லயே ஒரு பின் டயர்ல காத்தை முழுசா இறக்கிட்டு வண்டில இருக்கற டூல்ஸை மட்டும் வச்சு ஸ்டெப்னி மாத்திப் பாருங்க. காத்தில்லாத வண்டி தாழ்ந்து நிக்கும், அப்போ பெரிய ஸ்டெப்னி அடில இருந்து வெளிய வருதா, ஜாக்கி பெரிய டயர் ஏறுற உயரத்துக்கு எட்டுதான்னு தெரியும். எனக்கு எட்டல, அன்னைல இருந்து டிக்கில ஒரு மரக்கட்டை கிடக்கு. அந்தப் பிஸ்கட் டப்பாவும்தான், உள்ள இப்போ புது அலாய்க்கான நட்டு ரெண்டு உபரியா இருக்கு.