பன்றி விந்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்: வெண்பன்றிக்குச் சினை ஊசி போடும் முறை

குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னப் பண்ணை. 9 தாய்ப்பன்றிகள், ஒரே ஒரு ஆண். ஒரே வாரத்தில் குட்டி பிரித்தால் நாலைந்து நாளில் எல்லாம் சேர்ந்து பருவத்துக்கு வந்துவிடும். ஒற்றை ஆண் எத்தனைக்குத்தான் ஈடு கொடுக்கும்? அதனால் சினை ஊசிக்கு மாறினேன். முதல் தடவை 4 பன்றிகளுக்குப் போட்டேன். 21ஆம் நாள் நாலும் மறுபடி பருவத்துக்கு வந்து நின்றன, ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

1. எடுப்பது

பெண் பன்றிக்குப் பதிலாக வைக்கும் போலி மேடையில் ஆணை ஏறப் பழக்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். லேடெக்ஸ் கையுறை வேண்டாம், அது விந்தில் இருக்கும் உயிரணுக்களுக்கு விஷம். வினைல் கையுறை வாங்குங்கள். வெதுவெதுப்பாக்கிய ஃபிளாஸ்க்கின் வாயில் வலைத்துணி கட்டுங்கள். முதலில் தண்ணீராக வருவதை விட்டுவிட்டு, பால் போல வருவதைப் பிடியுங்கள். ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி வரும் கட்டி துணியிலேயே நின்றுவிடும். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எடுக்காதீர்கள்.

2. பார்ப்பது

ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். நூற்றுக்கு 70 உயிரணுக்களாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிடலாம். கண்ணாடித் தகட்டை 37 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே சொட்டு வையுங்கள். சில்லென்ற தகட்டில் நல்ல விந்தும் செத்தது போலத்தான் தெரியும்.

3. கலப்பது

பி.டி.எஸ். என்ற, விந்தைக் கலந்து வைப்பதற்கான பொடியை வாலைவடி நீரில் (டிஸ்டில்ட் வாட்டர்) கரைத்து, விந்து இருக்கும் அதே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. கரைசலைத்தான் விந்தில் மெதுவாக ஊற்ற வேண்டும், விந்தைக் கரைசலில் அல்ல. 80 முதல் 100 மில்லி வரை கொள்ளும் ஒரு பாட்டிலில் 200 முதல் 300 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. எண்ணிப் பார்க்க வசதி இல்லாததால் நான் ஒரு தடவை எடுத்ததை 8 பாட்டிலுக்கு மேல் பிரிப்பதில்லை. கொஞ்சம் வீண்தான், பரவாயில்லை.

4. வைப்பது

நான் குப்புற விழுந்த இடம் இது. மாட்டு விந்தை மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். குளிர் கூடக் கூட நல்லது என்று நினைத்து, பாட்டில்களை வீட்டு ஃபிரிட்ஜில் மோர் பக்கத்தில் வைத்தேன். பன்றி உயிரணுவின் மேல்தோல் அந்தக் குளிரைத் தாங்காது. 15 டிகிரிக்குக் கீழே போனாலே அடிபட்டுவிடும். வெளியே எடுத்துச் சூடாக்கினாலும் பிழைக்காது.

வேண்டியது 17 டிகிரி. ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம், அவ்வளவுதான். கலந்த பாட்டில்களைத் துண்டால் மூடி, நிழலில் ஒன்றரை மணி நேரம் ஆறவிடுங்கள். அப்புறம்தான் பெட்டி.

இதற்கென்றே விற்கும் குளிர்ப்பெட்டி விலை அதிகம். கடலூர் முதுநகரில் மீன் வியாபாரிகளிடம் கிடைக்கும் தெர்மோகோல் பெட்டியே எனக்குப் போதும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரம் வைத்து, நடுவில் அட்டை கொடுங்கள். ஐஸ் விந்து பாட்டிலைத் தொடக்கூடாது. மீன்தொட்டித் தெர்மாமீட்டரின் முனையை வெறும் தண்ணீர் நிரப்பிய இன்னொரு பாட்டிலுக்குள் விடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்றை அளந்தால், மூடியைத் திறக்கும்போதெல்லாம் அளவு தாவும். அதை நம்பி நான் இரண்டு நாள் ஏமாந்தேன். உயிரணுக்கள் அடியில் படியும், காலையும் மாலையும் மெதுவாகத் திருப்பி வையுங்கள். 3 நாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

5. போடுவது

பருவத்துக்கு வந்த பன்றியின் முதுகை அழுத்தினால் அது காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நின்றதிலிருந்து 12 மணி நேரத்தில் ஒன்று, அடுத்த 12 மணி நேரத்தில் இன்னொன்று. திருகு நுனிக் குழாயை மேல்நோக்கிச் சாய்த்து நுழைத்து, இடப்பக்கமாகத் திருகிப் பூட்டுங்கள். பாட்டிலைப் பிதுக்காதீர்கள், பன்றி தானாக இழுத்துக்கொள்ளும். 18 முதல் 24ஆம் நாள் வரை பருவம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் குட்டி போடும் 114ஆம் நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு சேர்த்தது: பண்ருட்டியிலிருந்து ஒருவர், "வாலைவடி நீருக்குப் பதில் கேன் தண்ணீர் போதாதா?" என்று கேட்டிருந்தார். போதாது. அதில் மிச்சமிருக்கும் உப்பு கரைசலின் கணக்கைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று: "எல்லாம் சரியாகச் செய்தும் ஜூனில் ஒன்றும் சினை நிற்கவில்லை" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அது உங்கள் பிழை இல்லை, மே மாதத்துக் கத்திரி வெயில். உயிரணு உருவாகி வெளியே வர ஆறேழு வாரம் ஆகும். மே மாதம் சூட்டில் வெந்தது ஜூனில்தான் தெரியும். ஆண் பன்றிக் கொட்டகைக்குத் தென்னங்கீற்று போட்டு, மதியம் ஈரச்சாக்கு கட்டி, உடம்பில் தண்ணீர் தெளியுங்கள். ஜூலை பாதி வரைக்கும் ஒவ்வொரு முறையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் நான் ஒரு பாட்டில்கூட நிரப்புவதில்லை.