வானவில்லில் பூச்சிக்கு என்ன வேலை?

சீன மொழியில் வானவில்லுக்கு ‘ஹோங்’ என்று பெயர். அந்த எழுத்தின் இடப்பக்கம் பூச்சி, வலப்பக்கம் வேலையைக் குறிக்கும் ‘கோங்’. பூச்சியையும் வேலையையும் கூட்டினால் வானவில் எப்படி வரும்? பூஷோக்கள் வழியாகச் சீன எழுத்துகளைப் படிக்கத் தொடங்கும் பலரும் இங்கேதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பூஷோ என்றால் ‘பிரிவின் தலை’. அகராதியில் எழுத்துகளை வகை பிரித்து அடுக்க வைத்த தலைப்பு. கி.பி. 100 வாக்கில் சூ ஷென் தொகுத்த அகராதியில் இவை 540. 1716இல் வந்த காங்சி அகராதியில் 214.

எழுத்தின் இரண்டு பாதிக்கும் பொருள் தேடுவதுதான் பெரிய தவறு. பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பாதி இனத்தைச் சொல்லும், பெரும்பாலும் அதுவே பூஷோ; மறு பாதி ஒலியைச் சொல்லும். வானவில்லில் ‘கோங்’ ஒலிக்காக மட்டும் வந்திருக்கிறது. அதே ‘கோங்’குக்குப் பக்கத்தில் பட்டுநூலைப் போட்டால் ‘ஹோங்’, சிவப்பு. நீரைப் போட்டால் ‘ஜியாங்’, பெரிய ஆறு. நூற்றாண்டுகளில் உச்சரிப்பு விலகிவிட்டதால் ஒலி அச்சாகப் பொருந்தாது; சாயல்தான் மிஞ்சும்.

‘மா’ என்ற அம்மாவைப் பாருங்கள். பெண்ணும் குதிரையும் சேர்ந்த எழுத்து. ‘குதிரைபோல் உழைப்பவள்’ என்று கதை கட்டினால் அன்றைக்கு நினைவில் நிற்கும். பிறகு குதிரையோடு கல் சேர்ந்து குறியெண் ஆகும், வாய் சேர்ந்து கேள்வியின் கடைசியில் வரும் ‘ஆ’ ஆகும்; ஒவ்வொன்றுக்கும் புதுக் கதை தேட வேண்டும். குதிரைக்கும் ‘மா’ என்றே ஒலி என்று தெரிந்தவருக்கு மூன்றும் ஒரே பாடம்.

பூஷோவையே பொருளாக எடுத்துக்கொள்வது இன்னொரு வழுக்கல். பூனையின் பூஷோ நாய். திமிங்கிலத்துக்கு மீன். பாம்பு, தவளை, இறால் எல்லாம் பூச்சிக் கணக்கில்தான் வரும். பூச்சி என்று நாம் படிக்கும் அந்த உருவமே ஆதியில் பாம்பின் படம். சீனாவின் பழைய சாங் அரசமரபுக் காலத்து எலும்புப் பொறிப்புகளில் வானவில்லை இருதலைப் பாம்புபோல் வரைந்திருக்கிறார்கள். தலைப்பில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கைபேசியைக் குறிக்கும் ‘ஷோஜி’யில் ‘ஜி’க்கு மரம் பூஷோ என்பதும் இதே ரகம்.

அடுத்து, உருவ மயக்கம். கல்லீரல், வயிறு, கால், முகம் ஆகியவற்றின் இடப்பக்கம் நிலாவைப் போலிருக்கும், அது தசை. காது மாதிரி வளைந்த ஒரு உறுப்பு இடப்பக்கம் நின்றால் மேடு, வலப்பக்கம் நின்றால் ஊர். துணிக்கும் தெய்வத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு சிறு கீற்று. புள்ளி வைக்க மறந்தால் சொல்லே மாறிவிடும் மொழியில் வளர்ந்த நமக்கு இது புதிதல்ல, ஆனாலும் முதல் மாதத்தில் கண் ஏமாறும்.

எழுத்திலுள்ள எல்லா உறுப்புகளையும் பூஷோ என்று அழைப்பதும் பரவலான பிழை. ஓர் எழுத்துக்கு ஒன்றுதான். ‘வென்’ என்றால் கேள்வி கேள்; கதவுக்குள் வாய் இருக்கும். பெரிதாகத் தெரியும் கதவைத்தான் பலரும் தேர்வார்கள். கதவு ‘மென்’ என்று ஒலி தருகிறது; பூஷோ உள்ளே இருக்கும் வாய்.

214ஐயும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவிட்டுப் பிறகு எழுத்துகளுக்கு வருகிறேன் என்பவர்களைத் தடுக்க வேண்டும். அதில் புல்லாங்குழல், மூன்று கால் கொப்பரை, வேள்வி மது எல்லாம் உண்டு. அவற்றை எங்கே பார்க்கப் போகிறீர்கள்? நீர், கை, மரம், வாய், பேச்சு, மனம், உலோகம் என்று ஒரு முப்பது நாற்பது போதும். மற்றவை எழுத்தோடு எழுத்தாக வந்துவிடும்.

எந்த வடிவத்தைப் படிக்கிறோம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். சீனாவிலும் சிங்கப்பூரிலும் எளிய வடிவம், தாய்வானிலும் ஹாங்காங்கிலும் பழைய வடிவம். காதால் கேட்பதைக் குறிக்கும் ‘திங்’ பழைய வடிவில் காதோடு இருந்தது; எளிய வடிவில் காது போய் வாய் வந்து உட்கார்ந்திருக்கிறது. கேட்பதற்கு எதற்கு வாய் என்று நியாயம் பேசிக்கொண்டிருக்காமல், அப்படியே எழுதிப் பழகிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவதே நல்லது.