காகிதப் பெட்டியின் அளவை இயற்கணிதத்தால் கண்டுபிடிப்பது எப்படி?

நாகர்கோவிலில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தீபாவளி சமயத்தில் முந்திரிக்கொத்து செய்து விற்பவர். சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும் எள்ளும் சேர்த்துப் பிடித்த உருண்டைகளை அரிசிமாவில் தோய்த்துப் பொரிக்கும் இந்தப் பலகாரத்தை நெகிழிப் பையில் கொடுக்க அவருக்கு மனமில்லை. அட்டையை மடித்துப் பெட்டி செய்ய விரும்பிய அவர், அதற்கு எந்த அளவில் அட்டை வெட்ட வேண்டும் என்று என்னிடம் கேட்டார். பத்தாம் வகுப்பில் நாம் படிக்கும் இருபடிச் சமன்பாடு இந்தக் கேள்விக்கு நேராக விடை சொல்லும் என்பதால், அன்று செய்த கணக்கை அப்படியே இங்கே விளக்குகிறேன்.

முதலில், வேண்டியது என்னவென்று எண்களில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பெட்டிக்கான முந்திரிக்கொத்து, ஒரு லிட்டர் பாத்திரத்தில் தலைதட்ட நிறைகிறது. ஒரு லிட்டர் என்பது 1000 கன செ.மீ. ஆகும். உருண்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் இந்த அளவில் ஏற்கெனவே அடங்கியிருப்பதால், ஏறக்குறைய அதே கன அளவுள்ள பெட்டி போதும். இரண்டு அடுக்காக வைப்பதற்கு உயரம் 5 செ.மீ. வேண்டும். மேலே ஒட்டும் சீட்டு நீளவாக்கில் இருப்பதால், பெட்டியின் நீளம் அகலத்தைவிட 10 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும்.

அடுத்து, மடிப்பைப் புரிந்துகொள்ள வேண்டும்; பலரும் தவறு செய்வது இந்த இடத்தில்தான். செவ்வக அட்டையின் நான்கு மூலைகளிலும் ஒரே அளவுள்ள சதுரங்களை வெட்டி நீக்கிவிட்டு, நான்கு ஓரங்களையும் மேல்நோக்கி மடித்தால் திறந்த பெட்டி கிடைக்கிறது. வெட்டிய சதுரத்தின் பக்கம் எவ்வளவோ அதுவே பெட்டியின் உயரம். அட்டையின் நீளத்தில் இந்த முனையிலும் ஒரு சதுரம் போகிறது, அந்த முனையிலும் ஒரு சதுரம் போகிறது. ஆகவே பெட்டியின் நீளம் என்பது அட்டையின் நீளத்திலிருந்து உயரத்தை இருமுறை கழித்தால் வருவது, அகலத்துக்கும் அப்படியே. நான் முதன்முதலாக இப்படி ஒரு பெட்டி செய்தபோது உயரத்தை ஒருமுறை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, 20-க்கு 10 அடிப்பகுதி வேண்டிய இடத்தில் 25-க்கு 15 அட்டையை வெட்டிவிட்டேன். மடித்துப் பார்த்தால் அடிப்பகுதி 15-க்கு 5 ஆக இருந்தது. கன அளவு 1000-க்குப் பதில் 375 மட்டுமே.

இனிச் சமன்பாட்டை அமைக்கலாம். அட்டையின் அகலத்தை அ என்று வைத்துக்கொள்வோம். நான்கு புறமும் ஒரே அளவு குறைவதால், பெட்டியில் உள்ள 10 செ.மீ. வேறுபாடு அட்டையிலும் மாறாமல் இருக்கும். எனவே அட்டையின் நீளம் அ + 10. பெட்டியின் அகலம் அ − 10, நீளம் அ + 10 − 10, அதாவது அ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு கிடைக்கும்:

5 × அ × (அ − 10) = 1000

இருபுறமும் 5-ஆல் வகுத்து, எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்தால்,

அ² − 10அ − 200 = 0

இதைக் காரணிப்படுத்த, பெருக்கினால் −200, கூட்டினால் −10 வரும் இரண்டு எண்கள் வேண்டும். அவை −20, 10 ஆகும்.

(அ − 20)(அ + 10) = 0

ஆகவே அ = 20 அல்லது அ = −10. அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் 20-ஐ எடுத்துக்கொள்கிறோம். அட்டை 30-க்கு 20 செ.மீ.; பெட்டி 20-க்கு 10-க்கு 5 செ.மீ.; பெருக்கிப் பார்த்தால் 1000 சரியாக வருகிறது.

இத்துடன் அக்காவின் கேள்வி தீர்ந்தது. ஆனால் அதே 30-க்கு 20 அட்டையில் வேறு உயரம் வைத்தாலும் ஒரு லிட்டர் கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. இப்போது அட்டை தெரியும், உயரம் தெரியாது. உயரத்தை உ என்று கொண்டால்,

உ × (30 − 2உ) × (20 − 2உ) = 1000

விரித்து 4-ஆல் வகுத்தால்,

உ³ − 25உ² + 150உ − 250 = 0

முப்படிச் சமன்பாடு என்று தயங்க வேண்டாம். உ = 5 ஒரு விடை என்பது நமக்கு முன்பே தெரியும்; ஆகவே (உ − 5) ஒரு காரணி. அதனால் வகுத்தால் எஞ்சுவது உ² − 20உ + 50 = 0. இதற்கு முழு எண் காரணிகள் இல்லாததால் சூத்திரத்தைப் பயன்படுத்த வேண்டும்; உ = 10 ± √50, அதாவது ஏறக்குறைய 2.93 அல்லது 17.07.

2.93 செ.மீ. உயரத்தில் மடித்தால் 24.14-க்கு 14.14 அடிப்பகுதியுள்ள தட்டையான பெட்டி வரும். அதுவும் ஒரு லிட்டர்தான் கொள்ளும். 17.07-ஐ மட்டும் கவனமாகப் பாருங்கள். 20 செ.மீ. அகலத்தில் இருமுறை 17.07-ஐ வெட்ட வழியே இல்லை. ஆனால் சமன்பாட்டில் இட்டால் நீளம் −4.14, அகலம் −14.14 என்று வந்து, இரண்டு குறை எண்களின் பெருக்கற்பலன் மிகை எண்ணாகிவிடுவதால், கன அளவு 1000 என்றே காட்டும். கன அளவை மட்டும் சரிபார்ப்பவர் இந்த விடையையும் ஏற்றுக்கொண்டுவிடுவார். ஆகையால் ஒவ்வொரு விடைக்கும் நீளம், அகலம், உயரம் மூன்றும் தனித்தனியே மிகை எண்களா என்று பார்ப்பது கட்டாயம். இந்த அட்டைக்கு உ என்பது 0-க்கும் 10-க்கும் இடையில் இருந்தாக வேண்டும்.

உயரத்தை 3, 4, 5 என்று மாற்றிப் பார்த்தால் கன அளவு முறையே 1008, 1056, 1000 என்று ஏறி இறங்குவதையும் காணலாம். மிக அதிகமான கொள்ளளவு 3.92 செ.மீ. அருகே வருகிறது. ஆனால் இரண்டு அடுக்கு வேண்டும் என்பதால் அக்காவுக்கு 5 செ.மீ. உயரமே பொருந்தியது.

வெட்டும்போது ஒரு யோசனை: மூலைச் சதுரத்தை முழுவதும் நீக்காமல், அதன் ஒரு பக்கத்தை மட்டும் கத்தரித்து, மடித்து, பக்கச் சுவரின் உட்புறம் பசையிட்டு ஒட்டினால் பெட்டி உறுதியாக நிற்கும், கணக்கில் எந்த மாற்றமும் இல்லை. மடிக்கும் கோட்டின் மேல் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒருமுறை அழுத்திக் கீறிவிட்டு மடித்தால், தடித்த அட்டையும் கோணாமல் நேராக மடியும்.

மூடிக்கும் இதே முறைதான். அது பெட்டியின் மேல் தாராளமாக இறங்குவதற்கு அடிப்பகுதியை 20.4-க்கு 10.4 என்று சற்றுக் கூட்டி, உயரம் 3 செ.மீ. என்று கொள்ளுங்கள். இருமுறை 3-ஐக் கூட்டினால், மூடிக்கு வெட்ட வேண்டிய அட்டை 26.4-க்கு 16.4 செ.மீ.