கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது எப்படி: கிம்ப்பில் மோனோ மிக்சர்

கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க ஒரு கிளிக் போதும். ஆனால் எந்த நிறம் எந்த அளவு சாம்பலாக வேண்டும் என்பதை அப்போது மென்பொருளே முடிவு செய்துவிடும். படம் சப்பென்று போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்த முடிவை நம் கைக்குக் கொண்டுவரும் வழியை கிம்ப் 2.10இல் சொல்கிறேன். இலவச மென்பொருள், இந்த வேலைக்கு இது தாராளமாகப் போதும்.

படத்தைத் திறந்ததும் ஷிஃப்ட்+கன்ட்ரோல்+டி அழுத்தி லேயரை, அதாவது படம் இருக்கும் அடுக்கை, நகலெடுங்கள். இனி எல்லாம் நகலில்தான். இமேஜ் > மோட் > கிரேஸ்கேல் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். அது நிறத் தகவலைத் தூக்கி எறிந்துவிடும், அப்புறம் கலப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு செம்பருத்திப் பூ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிறத்துக்கும் 0 என்றால் துளியும் இல்லை, 255 என்றால் முழு அளவு. பூவின் நிறம் சிவப்பு 200, பச்சை 40, நீலம் 40. இலை 40, 90, 30. கலர்ஸ் > டீசாச்சுரேட் > டீசாச்சுரேட் போய் லூமா முறையைத் தேர்ந்தெடுத்தால் பூ, இலை இரண்டுமே ஏறக்குறைய 75க்கு வந்து நிற்கும். பூ இலைக்குள் காணாமல் போய்விடும். நம் கண்ணுக்குப் பச்சை ஒளிதான் அதிகப் பிரகாசமாகத் தெரியும் என்பதால், அந்தக் கணக்கில் பச்சைக்கு 70 சதவீதத்துக்கு மேல் பங்கு. சிவப்புக்கு சுமார் 20தான்.

இப்போது கலர்ஸ் > டீசாச்சுரேட் > மோனோ மிக்சர். மூன்று நிறங்களில் எது எவ்வளவு சாம்பலில் சேர வேண்டும் என்று நாமே எண்ணால் சொல்லும் கருவி இது. சிவப்பு 1, மற்ற இரண்டும் 0 என்று வையுங்கள். பூ 200, இலை 40. பூ பளிச்சென்று எழுந்து நிற்கும். பச்சையை மட்டும் 1 ஆக்கினால் பூ 40க்கு இறங்கி, இலை 90க்கு ஏறும். ஒரே படம், இரண்டு வேறு மனநிலை. எது வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் அங்கேயே இருக்கும் 'பிரிசர்வ் லூமினாசிட்டி' என்ற கட்டம். அது டிக் ஆகியிருந்தால் மூன்று எண்களின் கூட்டுத்தொகையை 1 ஆக மாற்றித்தான் கணக்குப் போடும். மூன்றையும் ஒரே விகிதத்தில் ஏற்றினால் படம் அசையவே அசையாது, ஏதோ கெட்டுவிட்டது என்று தோன்றும். டிக்கை எடுத்துவிட்டு, கூட்டுத்தொகையை 1க்குப் பக்கத்தில் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. 1.2 தாண்டினால் வெள்ளைச் சட்டை, மேகம் எல்லாம் விவரம் இழந்து வெளுத்துவிடும்.

வானம் கறுக்க வேண்டுமா? சிவப்பை ஏற்றி நீலத்தைக் குறையுங்கள். 1927இல் அமெரிக்காவின் யோசெமிட்டி மலைப்பகுதியில் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் அடர்சிவப்பு ஃபில்டர் போட்டு வானத்தைக் கறுப்பாக்கியதும் இதே தத்துவம்தான். நீலத்தை எதிர்மறை எண்ணுக்கும் கொண்டுபோகலாம். ஆனால் -0.2க்குக் கீழே போனால் வானத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் கிளம்பும். பெரும்பாலான கேமரா சென்சார்களில் பச்சை ஒளியைப் பதியும் புள்ளிகள், சிவப்புக்கோ நீலத்துக்கோ உள்ளவற்றைப் போல இரண்டு மடங்கு. அதனால் பச்சை சேனல், அதாவது படத்தின் பச்சை நிறத் தகவல், சுத்தமாக இருக்கும்; நீலத்தில் இரைச்சல், அதாவது அந்த மணல் புள்ளிகள், அதிகம்.

முகங்களுக்கு மட்டும் தயவுசெய்து சிவப்பை அள்ளிப் போடாதீர்கள். மாநிறத் தோலில் சிவப்பே தூக்கல் என்பதால் முகம் வெளிறி, உதடு மறைந்து, சுருக்கமெல்லாம் மழுங்கிவிடும். ஒரு பாட்டியின் முகத்தில் நாம் பார்க்க வேண்டியதே அந்தச் சுருக்கங்களைத்தானே? பச்சை 0.6, சிவப்பு 0.3, நீலம் 0.1 என்று தொடங்கிப் பாருங்கள். தோலின் நிறமும் ஆழமும் அப்படியே நிற்கும்.

அப்புறம் கலர்ஸ் > கர்வ்ஸ். அங்கே சாய்வாகத் தெரியும் கோட்டின் கீழ்ப்பாதியைக் கொஞ்சம் இறக்கி, மேல்பாதியைக் கொஞ்சம் ஏற்றினால் கான்ட்ராஸ்ட் கூடும். லேயர்களோடு வைத்துக்கொள்ள கிம்ப்பின் சொந்தக் கோப்பு வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமியுங்கள். பகிர்வதற்கு ஃபைல் > எக்ஸ்போர்ட் ஆஸ், ஜேபெக், தரம் 90.

பிற்சேர்க்கை: கிம்ப் 3.0 வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். மோனோ மிக்சர் லேயரின் மேல் தனி ஃபில்டராக நிற்கும், எண்களை எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம்.

போனில் மட்டும் செய்பவர்கள் ஸ்னாப்சீட் என்ற படத்திருத்தச் செயலியின் பிளாக் அண்ட் ஒயிட் கருவியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று இருக்கும் கலர் ஃபில்டர்களை மாற்றிப் பாருங்கள். நுணுக்கமாகக் கலக்க முடியாதுதான், ஆனாலும் செம்பருத்தி காணாமல் போகாது.

பிரிண்ட் போடக் கொடுக்கும்போது லேபில் "கலர் கரெக்‌ஷன் வேண்டாம்" என்று சொல்லிக் கொடுங்கள். இயந்திரம் தானாகத் திருத்தப் போனால் சாம்பலில் லேசாகப் பச்சையோ ஊதாவோ ஏறி வரக்கூடும்.